பன்னிரண்டாவது நாற்காலி

மலேசியாவின் ஜோகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தில் ரோலண்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: தங்கமான மனுஷன். சர்ச்சில் நாற்காலி அடுக்க வேண்டுமா, ரோலண்ட். சாவு வீட்டுக்குக் கூடாரம் சொல்ல வேண்டுமா, ரோலண்ட். சாஆ ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ஒரு துணிப்பையுடன் ஜோகூர் பாரு வந்து, தெப்ராவில் ஒரு சாமான் கிடங்கில் மூட்டை தூக்கி, இன்று அங்கேயே சூப்பர்வைசர். குடி கிடையாது. பெண்டாட்டியிடம் குரல் உயர்த்திப் பேசியதுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன், மெல்லிய குரலிலேயே ஒரு பொய் சொல்லித் தன் வீட்டைத் தானே கெடுத்துக்கொண்டார். என்னத்தைச் சொல்ல!

அவர் மனைவி ஐலீனுக்குச் சொரியாசிஸ். மகள் வலேரி வயிற்றில் இருந்த மாதங்களில் அவள் தோல் அப்படியொரு பளபளப்பு. பிள்ளை பிறந்து பால் குடிக்கும் நாளிலேயே முழங்கையில் முதல் திட்டு வந்துவிட்டது. அப்புறம் அது வரும், போகும். வந்தால் முழுக்கைச் சட்டை, போனால் அரைக்கைச் சட்டை. வீட்டில் அது ஒரு பேச்சே இல்லை. நாற்பத்தேழு வயதில்தான் அது உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இறங்கிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மாதவிடாய் சில மாதம் வராது, வந்தால் ஓயாது. சும்மா இருக்கும்போதே உடம்பு குப்பென்று கொதிக்கும், தூக்கம் பிடிக்காது. அந்த நேரம் பார்த்துப் பாதம் தடித்து, வெள்ளை வெள்ளையாக உரிந்து, வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியிலோ உள்ளே நடுக்கும் ஏர்கோன், கையுறைக்குள் வேர்வை, கதவைத் தாண்டும்போதெல்லாம் கைக்கு ஆல்கஹால். வெளியே வந்தால் ஜோகூர் வெயில். பாவம், தோல் என்னதான் செய்யும்?

ரோலண்ட் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலே செய்ததுதான் நிறைய. கோவிட் காலத்தில் பூசையில் அக்கம்பக்கத்தாரோடு சமாதானம் பகிரும்போது கை குலுக்காமல் கும்பிடச் சொன்னார்கள். கோவிட் போனது, எல்லாரும் பழையபடி கை கொடுக்க ஆரம்பித்தார்கள். ரோலண்டும் முன் பெஞ்சுக்குக் கை கொடுத்தார், பின் பெஞ்சுக்குக் கை கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஐலீனுக்கு மட்டும் கும்பிடு போட்டார். ஊருக்கெல்லாம் கை, கட்டின பெண்டாட்டிக்குக் கும்பிடு! மரியாதைதானே என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். ஐலீனும் சிரித்தபடி திருப்பிக் கும்பிடுவாள்.

இந்த வருஷம் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வாசலில் ஃபாதர் அவளை நிறுத்தினார். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து ஃபாதர் அவர்கள் காலைக் கழுவுவார். கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிடுவார்.

"சிஸ்டர், இந்தத் தடவ ஒரு நாற்காலி உங்களுக்கு."

ஐலீன் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஃபாதர், என் காலு..."

"தெரியும் லா சிஸ்டர். அதனாலதான் கேக்குறேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், ரோலண்ட் காடியை ஓட்ட, அவள் பேச்சு ஓயவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு புது சிலிப்பர் வாங்கினாள். மாலை வேலைகள் முடிந்ததும் காலில் மருந்து பூசி, துணி சுற்றி, சோபாவில் நீட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாடி எத்தனை காலமாயிற்று! சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வலேரியைக் கூப்பிட்டு, "உங்கம்மா காலுக்கு ஃபாதர் முத்தம் குடுக்கப் போறாருடி" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"அலமாக், சூப்பர்மா! சர்ச் பேஜ்ல லைவ் போடுவாங்கல்ல, நான் இங்கேர்ந்தே பாக்குறேன். சாஆல சித்தப்பா வீட்டுக்கும் சொல்லிடறேன்."

ரோலண்ட் பயந்தது அந்த லைவுக்குத்தான். கேமரா ஒவ்வொரு காலாகக் கிட்டப் போய்க் காட்டும் என்று அவருக்குத் தெரியும். போன வருஷம் கேமராவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததே அவர்தான். ஐலீனின் பாதம் ஃபோன் ஃபோனாக ஓடும். தம்பி பார்ப்பான், கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள். ஐயோ, ரோலண்ட் வீட்டிலா இப்படி என்பார்கள். அவளுக்குத்தானே அவமானம், அவளைக் காப்பாற்றத்தானே என்று மனசுக்குள் ஒரு வக்கீலை எழுப்பி வாதாட விட்டார். மறுநாளே ஃபாதரைப் போய்ப் பார்த்தார்.

"வேணாம் ஃபாதர். அவளுக்குக் கூச்சமா இருக்கு. உங்ககிட்ட சொல்ல முடியாம வீட்ல அழுவுறா. இதப்பத்தி அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

ஃபாதர் நம்பிவிட்டார். தங்கமான மனுஷன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? வீட்டுக்கு வந்து ஐலீனிடம் கதையை அப்படியே திருப்பிப் போட்டார். "ஃபாதர் வேற ஆளப் போட்டுட்டாராம், ஐலீன்."

துணி சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏங்க? அவரேதானே வந்து கேட்டாரு?"

"தெரியல மா. ஆளுங்க ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க. விடு."

அவள் சுற்றிய துணியை மெதுவாக அவிழ்த்தாள்.

பெரிய வியாழனன்று தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ரோலண்ட் போய்ப் பன்னிரண்டு நாற்காலி போட்டார். பன்னிரண்டாவதில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் உட்கார்ந்தார். ஃபாதர் குனிந்து அந்த மனிதரின் காலைத் துடைத்தபோது ரோலண்டால் பார்க்க முடியவில்லை. கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனசு கிடந்து அறுத்தது. ஈஸ்டருக்கு முன் குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டுமே! சொந்த சர்ச் ஃபாதரிடம் எந்த முகத்தோடு போவது? காடியை எடுத்துக்கொண்டு கூலாய் வரைக்கும் போய், தன்னை அறியாத ஒரு சீனக் குருவிடம், தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போய் உன் மனைவியிடம் சொல், அதுதான் உன் பரிகாரம்" என்றார். ரோலண்ட் வீட்டுக்கு வந்து அதற்குப் பதிலாக ஒரு முழு ஜெபமாலை சொன்னார். சாமியிடமே தள்ளுபடி பேசிய மனுஷன் ஐயா இவர்!

ஐலீன் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டுக்குள்ளேயே காலுறை, கையுறை. இரண்டு மாதத்துக்குள் திட்டுகள் முதுகு, தலை, காது மடல் வரை ஏறின. நெடுநேரம் கால் ஊன்ற முடியாமல் மருத்துவ விடுப்பு எடுத்தாள். "ஏங்க, ஃபாதருக்கே அருவருப்பா இருந்திருக்குனா, கடவுளுக்கு எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் சாதாரணமாக, சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். ரோலண்ட் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்படியெல்லாம் பேசாத" என்றார்.

தோல் டாக்டர் சாந்தினி நிதானமாகப் பார்க்கிறவர். திட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். கையுறை போடாமல் தொட்டார். ரோலண்ட் அதைக் கவனித்தார்.

"இது தொத்தாது ஆன்ட்டி, முதல்ல அத மனசுல வைங்க. மெனோபாஸ் நெருங்கும்போது ஹார்மோன் ஏறி இறங்கும், சிலருக்கு அதுலயே கூடும். ஃபேக்டரி ஏர்கோன், கையுறை, ஆல்கஹால், அதுவும் சேருது. ஆனா இவ்ளோ வேகமா ஏறியிருக்கே... மனசுல ஏதாச்சும் பெரிய கஷ்டமா? மனசு வாடுனா தோலும் வாடும். தோலப் பாத்து மனசு இன்னும் வாடும். ரெண்டும் மாத்தி மாத்தி இழுத்துட்டே போகும்."

ஐலீன் சொல்லத் தொடங்கி முடிக்காமல் அழுதாள். "சர்ச்சுல என் காலு வேணாம்னுட்டாங்க டாக்டர்."

டாக்டர் மருந்து எழுதினார். மனநல ஆலோசகரைப் பார்க்கவும் ஒரு நாள் வாங்கிக் கொடுத்தார். ரோலண்ட் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஹார்மோன் என் குற்றமில்லை, ஏர்கோன் என் குற்றமில்லை, மூன்றாவது, அந்த மனக்கஷ்டம், முழுக்க நான் செய்தது என்று உள்ளுக்குள் புழுங்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"ஐலீன், ஃபாதர் வேணாம்னு சொல்லல."

"என்ன?"

"நான்தான் போய்ச் சொன்னேன். நீ கூச்சப்படுறேன்னு பொய் சொன்னேன். லைவ்ல எல்லாரும் பாப்பாங்களேன்னு... எனக்கு வெக்கமா இருந்துச்சு. என்னைத் திட்டிடு. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

அவள் திட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி நிதானமாகப் பேசினாள்.

"ஃபாதரா இருந்தா பரவால்லங்க. அவரு என் காலப் பாத்ததே இல்ல, பயந்துட்டாருன்னு நெனச்சிருப்பேன். நீங்க மொதத் திட்டு வந்த நாள்லேர்ந்து பாத்துட்டு இருக்கீங்களே."

ரோலண்டுக்கு அழுகை வெடித்தது. ஐலீன் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. "காடிய எடுங்க, சூடா இருக்கு" என்றாள்.

அந்த ஞாயிறு, அவர் கூப்பிடுவதற்கு முன்பே அவள் கிளம்பி நின்றாள். அரைக்கைச் சட்டை. காலில் பாசார் மாலாமில் வாங்கிய சிலிப்பர், காலுறை இல்லை. ரோலண்டின் நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிடும், இன்றைக்கு எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துவிடுவேன் என்று பூசை முழுக்கக் காத்திருந்தார்.

சமாதானம் பகிரச் சொன்னார்கள். ஐலீன் திரும்பினாள். முன் பெஞ்சுக்காரிக்குக் கை நீட்டினாள். உரிந்த, சிவந்த, வெறும் கை. அந்த அம்மாள் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பின் பெஞ்சில் ஒரு கைக்குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஐலீன் சிரித்தாள். எட்டியவர்களுக்கெல்லாம் எட்டி எட்டிக் கை கொடுத்தாள்.

கடைசியாகக் கணவன் பக்கம் திரும்பினாள். ரோலண்ட் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைச் சேர்த்து, தலை தாழ்த்தி, மரியாதையாக ஒரு கும்பிடு போட்டாள்.

"சமாதானம்" என்று சொல்லிவிட்டுப் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீட்டிய கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று ரோலண்டுக்குத் தெரியவில்லை.