மஸ்டாங்கின் பானெட் எங்கே திறக்கும்?

ஷ்யாமளா கோபம் வந்தால் கத்த மாட்டாள். கராஜுக்குப் போய்க் கதவை இறக்கிவிட்டு ஏதாவது ஒரு போல்ட்டைக் கழற்றுவாள். மில்பிடாஸில் அவர்கள் வீட்டுக் கராஜில் நின்ற 1966-ஆம் வருடத்து மஸ்டாங்கில் அவள் கழற்றி மாட்டாத போல்ட் மிகக் குறைவு. அவளுக்கு எத்தனை தடவை கோபம் வந்திருக்கும் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

கரூர்க்காரி. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். வகுப்பில் அறுபது பேரில் பெண்கள் மூன்றே பேர், அதில் இவள் ஒருத்தி. ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். தொண்ணூற்றிரண்டில் ஈரோட்டு ஜெயபிரகாஷைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியா வந்து சேர்ந்தாள். அவனுக்குச் சாஃப்ட்வேர் வேலை. அவளுக்குக் கிடைத்தது டிபெண்டன்ட் விசா. அதாவது சமைக்கலாம், துவைக்கலாம், கூட்டலாம், மெழுகலாம், வந்தவர் போனவருக்கெல்லாம் காபி போடலாம். சம்பளத்துக்கு ஒரு வேலை மட்டும் பார்க்கக்கூடாது. "சும்மாதானே வீட்ல இருக்கே, இதக் கொஞ்சம் பாத்துக்க" என்று ஜெயபிரகாஷ் சொல்லாத நாள் கிடையாது. அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மஸ்டாங்கை அவன் தொண்ணூற்று மூன்றில் வாங்கினான். போனி கார் என்று அமெரிக்கர்கள் செல்லமாகச் சொல்லும் ரகம். நீள மூக்கு, குட்டை வால், மேலே மடித்துவிடக்கூடிய துணிக்கூரை, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காக வாங்கினான், பார்த்தார்கள். ஆனால் ஓட்டினால் தெரியும் சங்கதி. முப்பது வருடத்துக்கு முந்தைய கார்கள் எல்லாம் அப்படித்தான். திருப்பத்தில் ஒரு பக்கமாகத் தொட்டில்போலச் சாயும். ஸ்டியரிங்கைத் திருப்பி வெகுநேரம் கழித்துத்தான் சக்கரத்துக்குச் சேதி போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலவேரஸ் ரோட்டில் மலை இறங்கும்போது பிரேக் சூடாகிக் கைவிட்டது. ஜெயபிரகாஷ் இரண்டு காலாலும் மிதித்தான். கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஒரு மாட்டுப்பண்ணை வேலியில் முட்டி நின்றது. அவன் இறங்கவே இல்லை. நாளைக்கே விற்றுவிடலாம் என்றான்.

ஷ்யாமளா இறங்கிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். சூட்டில் பிரேக் டிரம் நாறியது.

"விக்க வேண்டாங்க. எனக்கு ஒரு நல்ல ஜாக்கி வாங்கிக் குடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வருடம். லைப்ரரியில் மெக்கானிக் புத்தகங்களை எடுத்து வந்து, தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுக் கராஜ் சுவரில் ஒட்டினாள். முன்சக்கர டிரம்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய கார் கிடங்கில் தேடிப் பிடித்த டிஸ்க் பிரேக்கை மாட்டினாள். பிரேக் எண்ணெய் ஒரே குழாயில் ஓடியதை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தாள். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம் இருக்கிறதே, அதற்கு ஒரு இஞ்ச் கீழே புதிதாகத் துளை போட்டு இறக்கி மாட்டினாள். கேட்க ஒரு இஞ்ச்தான். அந்த ஒரு இஞ்சில் கார் திருப்பத்தில் சாய்வதை விட்டுத் தரையைப் பிடித்துக்கொள்ளும். துளையை அளக்க மட்டும் அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. தடித்த ஸ்டெபிலைசர் கம்பி, புது ஸ்பிரிங், ரேடியல் டயர் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. எல்லாம் முடிந்து அதே கலவேரஸ் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தாள். கார் நினைத்த இடத்தில் திரும்பியது, நினைத்த இடத்தில் நின்றது. அமெரிக்கா வந்து முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயபிரகாஷ் ஆர்வமாகக் கேட்பான், இன்றைக்கு என்ன செய்தாய், அது எதற்கு, இது எதற்கு என்று. அவள் அகமகிழ்ந்து போய்ச் சொல்லுவாள். எதற்காகக் கேட்டான் என்பது, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில்தான் தெரிந்தது. கையில் தட்டோடு நாலு பேர் நடுவில் நின்று, "அப்பர் ஆர்மை ஒரு இஞ்ச் டிராப் பண்ணினேன் பாருங்க, ஹேண்ட்லிங்கே மாறிப்போச்சு" என்று அளந்துகொண்டிருந்தான். யாரோ ஷ்யாமளாவைப் பார்த்து, "உங்களுக்கும் கார்ல இன்ட்ரஸ்ட் உண்டுங்களா?" என்று கேட்டார்கள்.

"அவளும் ஹெல்ப் பண்ணுவா. டீ போட்டுக் கொண்டுவந்து குடுப்பா" என்றான் ஜெயபிரகாஷ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வரும். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "சும்மா பேச்சுக்குச் சொன்னேன், இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே?" என்றான். அவள் கராஜுக்குப் போனாள்.

தொண்ணூற்றாறு ஜூன் மாதம். ஏர்போர்ட் ஓரத்துப் பெரிய பார்க்கிங் லாட்டில் ஒரு கிளப்பார் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டுவைத்து, ஒவ்வொரு காராக அதற்குள் ஓடவிட்டு நேரம் பிடிப்பார்கள். வேகம் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, வளைந்து திரும்பத் தெரிய வேண்டும். ஷ்யாமளா ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். இந்த நாட்டில் அவள் பெயர் ஜெயபிரகாஷின் பெயருக்குக் கீழே இல்லாமல் தனியாக எழுதப்பட்ட முதல் காகிதம் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குக் காரைக் குமாரசாமி அங்கிளுக்குக் கொடுப்பதாக ஜெயபிரகாஷ் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். அவர் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். ஊரில் என்றால் வாடகைக்குக் கிடைக்கும், இங்கே எங்கே போவது? குமாரசாமி அங்கிள் பெரிய மனுஷர், தமிழ்ச் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் ஷ்யாமளா.

"பத்து நிமிஷம் சுத்தப் போறோம். என்ன தேஞ்சா போயிரும்?"

"அதுக்கு ரேடியேட்டர் இன்னும் பழசுங்க. ஓடினா காத்து வரும், தாங்கும். மாப்பிள்ளை ஊர்வலம்னு ஊந்துட்டே போனா சூடாயிரும். சரி, பத்து நிமிஷம். ஆனா முன்னாடி கிரில்ல ஒரு பூக்கூடக் கட்டக்கூடாது. காத்து போற வழி அது."

"சரி, சரி."

"நாந்தான் ஓட்டுவேன்."

"மாப்பிள்ளை அழைப்புல பொம்பளை கார் ஓட்டுனா நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றான். அந்த நாலு பேர் யார் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கண்ணில் பட்டால் கேட்பதற்கு நிறைய வைத்திருந்தாள்.

சனிக்கிழமை கல்யாண ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். மஸ்டாங்கின் முகமே தெரியவில்லை. சான் ஹோசே பூக்கடையிலிருந்து வந்த சாமந்தி மாலைகளைக் கம்பியில் கோத்துக் கிரில்லை மூடிக் கட்டியிருந்தார்கள், ஒரு கை தடிமனில். அதற்கு மேல் வாழையிலை வேறு.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேம்மா. உங்க வீட்டுக்காரர்தான் ஒண்ணும் ஆகாது கட்டுங்கன்னாரு" என்றார் குமாரசாமி அங்கிள்.

ஜெயபிரகாஷ் அதற்குள் பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டான். பின்னால் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை. டேப் ரெக்கார்டரில் நாதஸ்வரம் பிளிறியது. பெண்கள் தட்டுகளோடு பின்னால் நடந்தார்கள். ஹாலையும் அடுத்திருந்த ஆபீஸ் கட்டிடங்களையும் சேர்த்து மூன்று சுற்று என்று பேச்சு. காருக்கு முன்னால் ஆடிக்கொண்டு போன பையன்கள் நின்று நின்று ஆடியதில் ஒரு சுற்று முடியவே இருபது நிமிடம் ஆயிற்று.

ஷ்யாமளா கையில் ஆரத்தித் தட்டு. இரண்டாம் சுற்றில் அவள் மூக்குக்கு அந்த வாடை வந்தது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கொதித்தால் வெல்லம் காய்ச்சுகிற மாதிரித் தித்திப்பாய் நாறும். தட்டோடு ஓட்டமும் நடையுமாய் முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். சூட்டைக் காட்டும் முள் கடைசிக் கோட்டில் சாய்ந்து கிடந்தது.

"ஆஃப் பண்ணுங்க!"

அவன் அணைப்பதற்குள் சாமந்திக்கு நடுவிலிருந்து ஆவி பீறிட்டது. நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"ஜெயபிரகாஷ், பானெட்டைத் தொறங்க!" என்றார் குமாரசாமி அங்கிள்.

ஜெயபிரகாஷ் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினான். இடது பக்கம் தடவினான், வலது பக்கம் தடவினான். கடைசியில் கிளவ் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தான். இப்போது அவன் தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் இன்னொரு காரில் அந்த லீவர் உள்ளே இருக்கும். மஸ்டாங்கில் அது வெளியே, பானெட்டின் மூக்குக்கு அடியில். மூன்று வருடமாக ஊரெல்லாம் அந்தக் காரைப் பிரித்து மேய்ந்ததாகச் சொன்ன மனுஷனுக்குப் பானெட் எங்கே திறக்கும் என்று தெரியவில்லை.

"ஜாம் ஆயிருச்சு அங்கிள்" என்றான், வேர்த்து வழிந்துகொண்டே.

நன்றாகத் தேடட்டும், கல்யாணக் கூட்டமே பார்க்கட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் உள்ளே வெந்துகொண்டிருப்பது அவளுடைய இன்ஜின். தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் திணித்துவிட்டு மாலையை இரண்டு கையாலும் பிய்த்தாள். கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. "ஐயையோ, மாப்பிள்ளை கார் மாலைம்மா!" என்று யாரோ பதறினார்கள். அவள் பாட்டுக்கு வாழையிலையையும் உருவி எறிந்துவிட்டு, விரலை அடியில் விட்டு லீவரை இழுத்தாள். பானெட் திறந்தது.

ஜெயபிரகாஷ் இறங்கி ஓடிவந்தான். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "நான் சொல்லிக் குடுத்தத மறக்காம வெச்சிருக்கா பாருங்க!" என்றான்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத் தந்த தைரியத்தில் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான்.

அந்த மூடிக்குக் கீழே தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மூடியைத் திருகினால் கொதிக்கிற தண்ணீர் அப்படியே முகத்தில் அடிக்கும். அவன் கை நீண்டது, துண்டு மூடிமேல் படிந்தது. ஷ்யாமளா பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு வினாடி.

பிறகு அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

"அறிவிருக்காங்க உங்களுக்கு? மூஞ்சி வெந்து போயிரும்!"

கோபத்தில் கத்தியே அறியாதவள் கத்தினாள், முந்நூறு பேர் நடுவில்.  மாப்பிள்ளையை நடத்தித்தான் கூட்டிப்போனார்கள். "நல்ல காரியத்துல மாலையைப் பிச்சுட்டாங்களே உங்க வீட்டம்மா" என்று குமாரசாமி அங்கிள் ஜெயபிரகாஷிடம் அங்கலாய்த்தார். மாலையைக் கட்டச் சொன்னது யார் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஆற ஒரு மணி நேரம் ஆயிற்று. ஷ்யாமளா கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு தனியாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட ஒருவரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கராஜில் இன்ஜின் ஆயிலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர்போல வெளுத்துவிடும், இன்ஜின் போயிற்று என்று அர்த்தம். வெளுக்கவில்லை. சூட்டில் ஒரு ரப்பர் ஹோஸ் மட்டும் பிளவு விட்டிருந்தது, மாற்றினாள். ஜெயபிரகாஷ் கதவருகே வந்து நின்றான்.

"நேத்து நான் மூடியில கை வெக்கும்போது நீ பாத்துட்டே நின்னே."

"ஆமா."

"தடுத்திருக்கலாம்."

"தடுத்தேனே."

"லேட்டா."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். "அந்த ஒரு செகண்ட் என்ன நெனச்சேன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா சொல்லிருவேன்."

அவன் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கூப்பிடாமலே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

பார்க்கிங் லாட்டில் அவளுக்கு மூன்று ஓட்டம். முதல் ஓட்டத்தில் இரண்டு கூம்புகளைச் சாய்த்தாள். இரண்டாவதில் ஒன்றும் சாயவில்லை. மூன்றாவதில் நேற்றைய கோபம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். மஸ்டாங் ஒவ்வொரு கூம்பையும் உரசிக்கொண்டு வளைந்தது, கடைசிக் கோட்டில் மிதித்த இடத்தில் நின்றது. மஸ்டாங்கைவிடப் புதிய கார்கள் ஆறு நேரக்கணக்கில் அவளுக்குப் பின்னால் போயின.

கிளிப்போர்டும் கையுமாய் ஒரு வெள்ளைக்கார முதியவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டு நேராக ஜெயபிரகாஷிடம் போய், பிரமாதம், இதெல்லாம் நீங்களே செய்ததா என்று கேட்டார்.

ஷ்யாமளா திரும்பவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நோ" என்றான் ஜெயபிரகாஷ். இது முழுக்க என் மனைவி செய்தது, எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். பெரியவர் அசடு வழிய அவளிடம் வந்து கைகொடுத்தார். கிழிந்த உள்ளங்கை வலித்தது, அவள் அழுத்தியே குலுக்கினாள்.

அவர் போனதும் ஜெயபிரகாஷ் அவள் முகத்தைப் பார்த்தான். பாராட்டை எதிர்பார்த்தான் போலிருக்கிறது. இனி ஜென்மத்தில் சந்திக்கப்போகாத ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு அதற்கும் ஒரு பாராட்டு. ஷ்யாமளாவுக்குக் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை.

"வெள்ளிக்கிழமை குமாரசாமி அங்கிள் வீட்ல நமக்குச் சாப்பாடு" என்றாள். "இதையே அங்க வந்து தமிழ்ல சொல்லுங்க."