முகம் கழுவிய படம்

எங்கள் ஸ்டூடியோவில் படத்தை டச்-அப் செய்வதற்கு ‘முகம் கழுவுறது’ என்று பேர். நெய்வேலி டவுன்ஷிப்பில் வரன் பார்த்த பெண்களில் பாதிப் பேருக்கு முகம் கழுவிவிட்டவள் நான். ஒரே விஷயத்தில்தான் ராட்சசி: ஒரிஜினலைத் தொடக்கூடாது, அதன்மேல் கண்ணாடித் தாள் விரித்த மாதிரி இன்னொரு லேயர் போட்டு அதில்தான் கை வைக்க வேண்டும். கடைக்கார அண்ணனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. படத்திலேயே நேராகத் தேய்த்து சேவ் கொடுத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தரகருக்கான கவர் மேசைமேல் இருந்தது. பிரித்தால் என் படம். இடது கன்னத்துத் தழும்பைக் காணோம். ஆறு வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது, காதோரத்திலிருந்து தாடை வரை இருக்கும். அந்த இடத்தில் வேறு எவளோ ஒருத்தியின் வழவழப்பான கன்னம்.

“நான்தான்டி ஒங்க கடை அண்ணங்கிட்ட சொல்லித் தழும்ப எடுக்கச் சொன்னேன்” என்றாள் அம்மா. “நாலு மணிக்குத் தரகர் பண்ருட்டி போறாரு. நாளைக்கே மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வராங்க. பேசாம இரு.”

“வூட்டுக்கு வந்து பாப்பாங்களே, அப்ப?”

“அப்பப் பாத்துக்கலாம்.”

வந்தவர்கள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே. கவரைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். புதிதாக எடுக்க வழியில்லை. அண்ணனும் கேமராவும் குள்ளஞ்சாவடியில் ஒரு காதுகுத்தில். வழக்கம்போல நேராகத் தேய்த்திருந்தால் என் முகம் போனது போனதுதான். மணி மூன்றேகால். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் ஃபைலைத் திறக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டது.

இரண்டு லேயர் இருந்தது. மனுஷன் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

மேல் லேயரை மறைக்க அதன் பக்கத்திலிருந்த கண் அடையாளத்தை அழுத்தினேன். அது மறைந்து, தழும்பு திரும்பி வந்தது. படத்தைத் துல்லியமாக்கும் ஷார்ப்பன் கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். கூடினால் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும். ஆனால் தழும்புக்கும் சேர்த்தே கொடுத்தேன். மங்கலாகக் காட்டினால் அதுவும் பொய்தானே. பிரிண்ட் காய்ந்தும் காயாமலும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, ஏறப்போன தரகர் கையில் கவரைத் திணித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குத் தரகர் போன் செய்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம். போன வாரம் எட்டுப் பொருத்தம் இருந்த அதே ஜாதகம்.

தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “அந்தக் கழுவுன மூஞ்சி கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்குதில்ல? அடுத்த வரனுக்கு அத்தயே குடுத்துடலாம்.”

திங்கட்கிழமை அண்ணன் வருவதற்குள் கடையைத் திறந்தேன். எதையும் அழிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், கழுவின முகம் இருந்த மேல் லேயரை அழித்துவிட்டு சேவ் கொடுத்தேன்.