காரின் உரிமையாளர் நடந்து வருகிறார்

காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "உரிமையாளரும் முதன்மை ஓட்டுநரும்: பெண், வயது நாற்பத்தேழு. வாகனத்தின் இயல்பான திறனை மீறி ஓட்டுவதில் நாட்டமுள்ளவர். அதிவேகப் பயன்பாடு எதிர்பார்க்கத்தக்கது. அபாய வகை: உயர்."

இந்த அபாயகரமான பெண் அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் தூசி துடைக்க. ஓட்டத் தெரியாதவள் அல்ல. உரிமம் வாங்கிப் பல வருடமாகிறது. ஆனால் எப்போது சாவியைக் கேட்டாலும் கணவர் உருகிப்போய்ச் சொல்வார்: "கிளட்ச் ரொம்ப டைட்டும்மா. உனக்குக் கால் வலிக்கும்." ஆக, முதன்மை ஓட்டுநர் என்று எழுதப்பட்டவள் உண்மையில் அந்தக் காரின் முதன்மைப் பாதசாரி.

பெண் பெயரில் எடுத்தால் காப்பீட்டுக் கட்டணம் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கணவர் காரை அவள் பெயரில் வாங்கினார். பெயர் அவளுடையது என்றால் தவணையும் அவள் சம்பளத்தில் போவதுதானே முறை? அவருக்கு முறைகளில் நம்பிக்கை உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எறும்புக்கும் நோகாமல் நடப்பவர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கடையில் வந்த லாபமெல்லாம் காருக்குள் போனது. இன்ஜினுக்கு டர்போ வந்தது, லாரிக்குப் பொருந்தும் வாயோடு ஒரு சைலன்சர் வந்தது, எங்கும் பறக்காத ஒரு இறக்கை பின்னால் முளைத்தது. கடைசியாகக் காரையே தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டார். காருக்கு அடியில் ஒரு தீப்பெட்டி நுழையும். நிமிர்த்தி வைத்தால் நுழையாது.

அங்கேதான் வினை தொடங்கியது. அவள் வேலை பார்த்த சரக்குக் கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று வேகத்தடைகள். ஆள் பாரத்தோடு ஏறினால் காரின் அடிவயிறு உரசும். எனவே ஒவ்வொரு மேட்டுக்கு முன்னாலும் கார் நிற்கும், கணவர் குழைவாகச் சொல்வார், "இறங்கிக்கோம்மா." அவள் பையோடு இறங்கி மேட்டைக் கடந்து நடப்பாள். கார் நண்டு மாதிரிக் கோணலாக ஏறி இறங்கி, அந்தப் பக்கம் அவளுக்காகக் காத்திருக்கும்.

கிடங்கில் அவள் கிரேன் ஓட்டினாள். பகலெல்லாம் இரும்புச் சுருள்களைத் தூக்கி, முட்டையை வைப்பதுபோல் லாரியில் வைப்பவள், சாயங்காலமானால் தானே பாரமாகி இறக்கி வைக்கப்பட்டாள்.

முதல் மேடு ஆஸ்பத்திரி வாசலில். அங்கே நடைபாதையில் சாவி செய்கிறவர் ஒருவர் மேசை போட்டிருந்தார்.

"என்னக்கா, இன்னிக்கும் காருக்கு வழிகாட்டியா?"

"ஆமாண்ணே, அதுக்குக் கண்ணு தெரியாது. வீட்ல கண்ணாடிக் கடை இருந்து என்ன பிரயோஜனம்?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு கார்க் கதவு வரைகூட வராது. ஒருநாள் கணவரிடம் கேட்டே விட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் உசத்தி வச்சா என்ன?"

"உசத்தினா லுக் போயிடும்மா."

"எனக்கு மானம் போகுதே?"

"அதை யாரு பாக்கப்போறா?"

மழை நாள் ஒன்றில் கிரேன் ஏணியின் கடைசிப் படியில் வழுக்கி அவளுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர், வீக்கம் வடியும்வரை காலை ஊன்றவே கூடாது என்றார். கணவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, கல்லூரி முடித்து வந்த மகளையும் அழைத்துக்கொண்டு, கண் கலங்க ஓடிவந்தார். சக்கர நாற்காலியிலிருந்து அந்தப் பந்தய சீட்டுக்குள் அவளை இறக்கியது கிணற்றுக்குள் குடத்தை விட்டதுபோல் இருந்தது. கார் கிளம்பி வாசல்வரை வந்தது. வாசலில் நின்றது.

பின்சீட்டில் மகள் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, வேணாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நிறுத்தியிருக்கீங்களே!"

கணவர் மனைவி பக்கம் திரும்பினார். "ரெண்டே எட்டும்மா. என் தோளைப் பிடிச்சுக்கோ."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஊன்றக் கூடாதுன்னார்."

"அப்புறம்?"

பின்னால் ஹாரன்கள் கத்தின. கணவர் யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்து, அவள் வாயைத் திறக்குமுன் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். மேட்டைத் தாண்டிச் சாவிக்காரரின் முக்காலியில் உட்கார வைத்தார். மகள் தானே இறங்கி நடந்து வந்தாள். ஓடிப்போய்க் காரைக் கோணலாகக் கடத்திக்கொண்டு வந்தார். மறுபடி ஏந்தினார்.

ஹாரன்கள் அடங்கிவிட்டன. வாசலில் நின்ற ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள். சாவிக்காரர் எழுந்து நின்று, "குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றார். அவர் கேலி செய்யாமல் பேசியது அன்றுதான். அவளுக்கு அதுதான் அதிகமாக உறைத்தது.

மற்ற இரண்டு மேடுகளிலும் இதே காட்சி. அவருக்கு மூச்சுதான் கூடுதலாக வாங்கியது.

எவனோ போனில் படம் பிடித்திருந்தான். மறுநாளே நாத்தனார் கூப்பிட்டாள்.

"பாத்தேன் அண்ணி, அழுதே போயிட்டேன். எங்க வீட்ல இருக்கறது தண்ணி கேட்டாக்கூட எந்திரிக்காது. எங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும்?"

"உங்கண்ணன் என்னைத் தூக்கலம்மா. காரைக் காப்பாத்தினார்."

"போங்கண்ணி, உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்."

கிடங்கிலிருந்து பேசியவர்களும் இதையேதான் சொன்னார்கள். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு உள்ளே கொதித்தது. இத்தனை காலமும் நடந்ததற்கு அவமானம் என்றாவது பெயர் இருந்தது. சாவிக்காரராவது அதைப் பார்த்துச் சிரித்தார். இப்போது ஊரே கூடி அதற்கு அன்பு என்று பெயர் வைத்துவிட்டது. இனி அவள் அதைப் பற்றி வாய் திறந்தால் நன்றி கெட்டவள்; திறக்காவிட்டால் காலம் பூராவும் கொடுத்து வைத்தவள். இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தது.

கணவர் போனை நீட்டினார். "பாரும்மா, எத்தனை பேர் பாராட்டியிருக்காங்க!"

"காரை வித்துடப் போறேன்."

"யார் காரை?"

"என் காரை."

முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அன்னிக்கு உன்னைத் தூக்கிக்கிட்டே போனேனேம்மா!"

"அதனாலதான் விக்கறேன்."

"பொண்டாட்டிக்கு இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்வான்?"

"இறங்கச் சொல்லாம இருப்பான்."

கணவர் கோபித்துக்கொண்டு போய்க் காருக்குள்ளேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அவருக்காகத் தூது வந்தார், டர்போவைப் பொருத்திய மெக்கானிக்.

"அண்ணி, அந்த வண்டிக்கு உயிரைக் குடுத்திருக்கோம்."

"நீங்க உயிரைக் குடுத்தீங்க, நான் தவணையைக் குடுத்தேன். போன மாசம்தான் முடிஞ்சுது."

பழைய கார் வியாபாரி வந்து காரைச் சுற்றினார், குனிந்தார், இன்னும் குனிந்தார், கடைசியில் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். "மேடம், இதுக்குப் பண்ணின செலவுல ஒண்ணும் திரும்பி வராது. வாங்கறவனும் கல்யாணம் ஆகாதவனா இருக்கணும்."

"அதுக்கும் சேத்து விளம்பரம் குடுங்க. பதிலுக்கு என்ன இருக்கு?"

அவரிடம் சாம்பல் நிறத்தில் சின்னக் கார் ஒன்று இருந்தது. உயரமான கதவு, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம், ஸ்டார்ட் செய்தால் மிக்ஸி ஓடும் சத்தம். "சொல்லிக்கிற மாதிரி ஒரு விசேஷமும் இல்ல மேடம், மலிவு" என்று சங்கடத்தோடு சொன்னார்.

"அப்படின்னா கொண்டுவாங்க."

மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, இது ரொம்ப அசிங்கமா இருக்கு" என்றாள். தயங்கி, "நான் முன்னாடி உக்காரலாமா?" என்றாள்.

கணவர் மட்டும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர் பார்வையில் அவர் ஒரு துரோகத்துக்கு ஆளானவர். ஊரில் பாதிப் பேர் அவரோடு ஒத்துப்போனார்கள். நாத்தனார் போன் செய்வதையே விட்டுவிட்டாள்.

கால் வீக்கம் வடிந்ததும் அவள் வியாபாரி நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டாள். விலை உயர்ந்த காரைக் கொடுத்து மலிவான காரை வாங்கிக்கொண்டு, அதைத் தானே ஓட்டி வேலைக்குப் போனாள்.