கடைப் பெண்மேல் நான் போட்ட பழி

எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்றில், கவுண்டரில் நின்ற பெண்ணின் வேலைக்கு நான் உலை வைத்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி டியூஷன் எடுப்பவள். அவளுடைய பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டுச் செத்துவிட்டது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். நாலு ஸ்க்ரூ கழற்ற எவனிடமோ போய் நிற்பதா? நானே அந்தக் கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கினேன். அந்தப் பெண் அதை என் கண்முன்னே டெஸ்ட் செய்து, பின்கள் நேராக இருப்பதைக் காட்டித்தான் கொடுத்தாள்.

வீட்டில் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். உள்ளே போகவில்லை. எங்கள் ஃபேக்டரியில் போகாததைத் தட்டித்தான் போக வைப்போம். கட்டைவிரலால் அழுத்தினேன். நறுக்கென்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஊசி மாதிரி இருந்த பின்களில் நாலைந்து வளைந்து கிடந்தன.

மறுநாள் கடையில் போய்க் கத்தினேன். "பின் வளைஞ்ச டிஸ்க்கை என் தலையில கட்டிட்டியேம்மா!"

அவள் பதறவில்லை. "சார், பழைய டிஸ்க் முனையில ஒரு சின்ன கனெக்டர் இருக்கும். அதைக் கழட்டி இதுல மாட்டினீங்களா?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. "மாட்டாம என்ன? எனக்கே பாடம் எடுக்கிறியா? கவரைப் பிரிக்கும்போதே வளைஞ்சுதான் இருந்துச்சு."

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். எங்கள் ஃபேக்டரி ஆபீசுக்கு அவர் கடைச் சாமான்தான் போகும். என்னை நன்றாகத் தெரியும். "ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் அவள்மேல் பாய்ந்தார். பிறகு என்னைத் திருப்திப்படுத்தத் தமிழில், "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா, நீ வீட்லயே இருந்துக்கோ" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். வேறு டிஸ்க் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய டிஸ்க்கைத் திருப்பினேன். கனெக்டர் அதன் முனையிலேயே இருந்தது. உருவிப் புதியதில் மாட்டிச் செருகினேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் விண்டோஸும் ஏறிவிட்டது. "பரவாயில்லையே, சர்வீஸ் சென்டர்காரன் தோத்தான் போங்க" என்றாள் மனைவி.

சோறு இறங்கவில்லை என்றெல்லாம் புளுக மாட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனாலும் உறுத்தியது. சனிக்கிழமை போய், அவளிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னேன். "தப்பு என்மேலதாம்மா. கனெக்டர் மாட்டல. மனசுல வெச்சுக்காத."

அவள் பில் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். "அன்னைக்கு ரோடே கேக்கற மாதிரி கத்தினீங்க. இப்ப ஏன் சார் காதுல சொல்றீங்க? எங்க ஓனர் அதோ இருக்காரு. அவர்கிட்ட சொல்லுங்க. எனக்கு சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே."

முதலாளி நாலடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். "வாங்க சார், டிஸ்க் ஓடுதா?"

"ஓடுது சார்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தச் சாமான் வேண்டுமென்றாலும் வேறு இடத்தில்தான் வாங்கினேன். அவளுக்கு அந்த வேலை நிலைத்ததா என்று இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை.