ஸ்டவ் சத்தம் என்று சொன்னோம்

குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அருள்மேரி வந்தாள். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு நேரே கொல்லைப்புறம் வந்து நின்றாள். "தனம் செத்துட்டாடி" என்றாள். எந்தத் தனம் என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே தனம்தான். குழந்தையின் முகமெல்லாம் சோப்பு. கால்மேல் பிள்ளை கிடக்கும்போது எழுந்திருக்க முடியாது. கண்ணில் நுரை இறங்காமல் நெற்றியில் கையை அணை கொடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று சொம்பு ஊற்றியிருப்பேன். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது.

தனத்துக்கு முப்பத்தொரு வயது. பதினாறாம் நாளுக்கே அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அவளோடு டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த நீங்கள் கேட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நேரமில்லை என்று உங்களிடம் சொன்னது பாதிதான் உண்மை. பேனாவை எடுத்தால் அவளுக்காக நான் சொன்ன ஒரு பொய்தான் முதலில் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எல்லாரும் மதாம் என்று கூப்பிடும் ஒரு விதவையின் வீட்டில் நானும் தனமும் அருளும் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தோம். மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் இறந்த பிறகு வந்த சொல்தா பென்ஷன் மதாமுக்குத் தாராளமாகவே போதும். ஆனால் அவ்வளவு பெரிய வீட்டில் தனியே இருக்கப் பயந்து, வேலைக்குப் போகும் பெண்கள் ஏழு பேரை பேயிங் கெஸ்டாக வைத்துக்கொண்டார். ஏழு பேருக்கும் ஒரே குளியலறை. அதற்கு வெளியே ஒரு கொடி. எழுந்ததும் அவரவர் துண்டை அதில் போட வேண்டும். துண்டு கிடக்கும் வரிசையில்தான் குளியல். அறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மதாமே ஆள் வைத்துக் கழற்றியிருந்தார். ஒருத்தி புடவை மாற்றினால் இன்னொருத்தி கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும்.

தனத்தின் துண்டு எப்போதும் கடைசியில் கிடக்கும். எல்லாருக்கும் விட்டுக் கொடுக்கிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று சொல்லிவிட்டேன். "நான் இன்னா தியாகியா? வெயில் ஏறி தொட்டித் தண்ணி சூடாகட்டும்னு பாக்கறேன்" என்றாள். பச்சைத் தண்ணீர் அவளுக்கு ஏன் ஆகாது என்பது முதல் மழையில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். மூச்சிழுப்பு. நெஞ்சுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள், இரண்டிரண்டு வார்த்தையாக. "பயப்படாத. சத்தம் கேக்கறவரைக்கும் நான் இருக்கேன். நின்னாத்தான் நீ ஓடணும்." அவளுக்குச் சாய்ந்துகொள்ள முதுகு வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து முதுகோடு முதுகைச் சேர்த்துக்கொண்டேன். அந்த மூன்று வருஷமும் இழுப்பு வரும்போதெல்லாம் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

சீக்காளிகளுக்கு அந்த வீட்டில் இடமில்லை. எங்களுக்கு முன்பு விடாமல் இருமிய ஒரு பெண்ணை மதாம், இருமல் கேட்ட அன்று சாயங்காலமே பெட்டியோடு அனுப்பியிருந்தார். செஞ்சியில் தனத்தின் வீட்டிலும், கல்யாணமாக வேண்டிய பெண் என்று, இதை வெளியே சொன்னதில்லை. ஆகவே நாங்களும் மறைத்தோம். ஒருநாள் மதாம் சத்தம் கேட்டுக் கதவுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சத்தம் அது?"

அருள் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு, "ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கிறோம் மதாம்" என்றாள்.

"மோன் தியே, கடவுளே! ரூமுக்குள்ள ஸ்டவ்வா? என் வீட்ட கொளுத்தப் போறீங்களா?"

உள்ளே வந்து மூன்று கட்டிலுக்கடியிலும் குனிந்து தேடினார். தனம் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். "ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்கே திருப்பிக் குடுத்துட்டோம் மதாம்" என்றாள் அருள். இல்லாத ஸ்டவ்வுக்காக எங்கள் மூவருக்கும் ஒரு வாரம் சாயங்காலக் காப்பி நின்றது. மதாம் போனதும் தனம் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "சிரிக்க வெக்காதீங்கடி, செத்துருவேன்" என்றாள். அதன்பின் யார் கேட்டாலும் பக்கத்து வீட்டு ஸ்டவ் சத்தம் என்றோம். எங்களுக்குள்ளேயும் இழுப்பு என்று சொல்வதை விட்டுவிட்டோம். "ஸ்டவ் பத்த வெச்சாச்சு" என்றால் புரிந்துவிடும்.

நான் கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்தேன். அருளும் கல்யாணமாகிப் போனாள். போன சித்திரையில் மதாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிரான்சில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். தனம் முதலியார்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனி அறை பார்த்தாள். நான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அறையைப் பார்ப்பதற்கு முன் அவள் கதவைத்தான் பார்த்தாள். தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்தாள். "எனக்குன்னு ஒரு தாழ்ப்பாள்டி" என்றாள்.

வீட்டுக்கார அம்மா நல்லவர். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியேம்மா? தனியா இருக்கப்போற பொண்ணு, அதான் கேக்கறேன்" என்றார். தனம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒண்ணும் இல்லீங்க. கல்லு மாதிரி இருப்பா." தெருவுக்கு வந்ததும் தனம் என் கையைக் கிள்ளினாள். "அடிப்பாவி, மதாம்கிட்ட சொன்னாப்பலயே சொன்னியே!" இருவரும் சிரித்தோம். கேட்டவர் மதாம் இல்லை. அந்த அம்மா அவளை வெளியே அனுப்பக் கேட்கவில்லை; பார்த்துக்கொள்ளக் கேட்டார். இது அன்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

தனத்தின் உடலைச் செஞ்சிக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்றபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உடைத்த கதவு அவருக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

"காலைல ஏழு மணி இருக்கும்மா. புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு. ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்குதுன்னு நெனச்சேன். அப்புறம் நின்னுடுச்சு. சரி, அடுப்பு பத்திக்கிச்சுன்னு நானும் என் வேலயப் பாக்கப் போயிட்டேன். இழுப்புன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா ஓடியாந்திருப்பேனே!"

அருள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அந்த அம்மாமேல் ஒரு தப்பும் கிடையாது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். உங்களில் சிலர் அவரைக் குறை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்ல வேண்டாம்.

தனம் சாவதற்கு முன்பே, ஐப்பசி மழையில் என் மகளுக்கும் மூச்சில் அந்தச் சத்தம் வந்தது. டாக்டர் இழுப்பு என்றார். "பொட்டப் புள்ள. வெளிய மூச்சு விடாத" என்றார் மாமியார். நானும் தலையாட்டியிருந்தேன்.

தனத்தை வேனில் அனுப்பிவிட்டு முதலியார்பேட்டையிலிருந்து திரும்பிய மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்து வீடுகளுக்கும், எதிர் வீட்டுக்கும் போனேன். மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது என்று சொன்னேன். நான் வீட்டில் இல்லாதபோது சத்தம் கேட்டால் வந்து பாருங்கள், நின்றுபோனால் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுங்கள், தாழ்ப்பாள் போட மாட்டோம் என்றேன்.

எதிர் வீட்டுக்காரிக்குப் புரியவில்லை. "எந்த மாதிரி சத்தம்?" என்று கேட்டாள்.

தனத்தின் துண்டோ பெட்டியோ எதுவும் என்னிடம் இல்லை. மூன்று வருஷம் என் முதுகில் கேட்ட அவள் மூச்சு மட்டும் இருக்கிறது. அந்த வாசலில் நின்று, அதை என் தொண்டையால் இழுத்துக் காட்டினேன்.