பிரிக்காத சிப்பம்

சுடலைக்கண்ணன் கடை வாசலில் ‘கருப்பட்டி – மொத்த வியாபாரம் மட்டும்’ என்று பலகை தொங்குகிறது. தூத்துக்குடியில் மற்றவர்கள் கடைப் பெயரைப் பெரிதாக எழுதுவார்கள். இவர் ‘மட்டும்’ என்பதைப் பெரிதாக எழுதச் சொன்னார்.

யாராவது ஒரு கிலோ கேட்டு வந்துவிட்டால் போதும், விளக்கம் ஆரம்பமாகிவிடும். மொத்தம் என்றால் நிறைய என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு என்பார். நூறு கிலோவைக் கிலோ கிலோவாக விற்றாலும் அது சில்லறைதான். ஓலைச் சிப்பத்தின் கட்டை அவிழ்க்காமல், உள்ளே இருக்கும் பத்துக் கிலோவையும் அப்படியே விற்பதுதான் மொத்தம். அதிலும் வாங்குகிறவன் தின்னக் கூடாது, விற்க வேண்டும். வந்தவர் பாதி விளக்கத்திலேயே எதிரே இருக்கும் அய்யாக்குட்டியின் சில்லறைக் கடைக்கு நழுவிவிடுவார்.

இந்த வீம்புக்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா சைக்கிளில் பெட்டி கட்டி, மாப்பிள்ளையூரணித் தெருக்களில் ஒவ்வொரு வட்டாகக் கருப்பட்டி விற்றவர். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏ கருப்பட்டி’ என்றுதான் வாசலுக்கு வாசல் அழைப்பு. கேட்கும்போதெல்லாம் மகனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். இனி யாரும் தன்னை அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பலகை.

சட்டம் வீட்டுக்கும் உண்டு. கடைக்குப் பின்னால்தான் வீடு. ஆனாலும் சிப்பத்தைப் பிரித்து ஒரு வட்டு எடுக்க மனைவி பகவதிக்கு அனுமதி இல்லை. அவள் தெருவைக் கடந்துபோய் அய்யாக்குட்டியிடம் வாங்கி வருவாள். அய்யாக்குட்டி அதை வாங்கியதோ சுடலைக்கண்ணனிடம். தன் சரக்கையே அடுத்தவன் லாபத்தோடு காப்பியில் கரைத்துக் குடித்த முதலாளி இவராகத்தான் இருக்கும். மனுஷன் அதை ருசித்தே குடித்தார்.

பெரிய கடைகள் பதநீர் காய்ச்சும் இடத்துக்கே வண்டி அனுப்ப ஆரம்பித்தபின், மொத்தமாக வாங்க மிஞ்சியது அய்யாக்குட்டி ஒருவர்தான். கடையில் சுமை தூக்கியவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார். போன மாசம் அய்யாக்குட்டியும் முட்டிவலி என்று கடையை மூடிவிட்டார். மறுநாள் காலை சீனிக் காப்பிதான். சுடலைக்கண்ணனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

பகவதி கடையின் முன்பக்கம் வந்து, வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள்.

“மொதலாளி, ஒரு சிப்பம் போடுங்க. மொத்த விலைக்கு.”

“திங்கதுக்கா, விக்கதுக்கா?”

“விக்கதுக்குத்தான். அய்யாக்குட்டி அண்ணாச்சிகிட்ட வாங்குன பொம்பளைங்க பூரா நம்ம பின்வாசல்ல நிக்காங்க.”

சட்டப்படி குற்றம் சொல்ல இடமே இல்லை. அதோடு, கடைக்கு ஆள் வந்ததில் அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, கட்டு அவிழாத நல்ல சிப்பமாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

“அண்ணாச்சிக்கு வாசல்ல கொண்டுபோய் எறக்குவீங்கல்ல, எனக்கும் எறக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பகவதி உள்ளே போனாள்.

நியாயம்தான். வாங்குகிறவர் வாசலில் இறக்குவதும் மொத்த வியாபாரத்தில் சேர்த்தி என்று அவரே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறார். சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனார். சிப்பம் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. அங்கே நின்ற பக்கத்து வீட்டு பிலோமினாதான் முதலில் பார்த்தாள். மற்றப் பெண்களுக்குக் குரல் கொடுத்தாள்.

“ஏளா, எல்லாரும் வாங்க. கருப்பட்டி வந்துட்டு.”

சுடலைக்கண்ணன் அப்படியே நின்றார். பிறகு சிப்பத்தை மெல்ல இறக்கி வைத்தார். பகவதி கட்டை அவிழ்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.