காலி செய்த குப்பைத்தொட்டி

ஒரு மழையில் பீரோவின் அடித்தட்டுக்குத் தண்ணீர் ஏறி ஆல்பங்கள் நனைந்ததால்தான் எங்கள் திண்டிவனம் வீட்டுக்கு ஸ்கேனர் வந்தது. அப்பா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். படங்களைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் உத்தியோகம் எனக்கு. ஆறாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்களுக்கு அது பெரிய உத்தியோகம்தான்.

அப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: மாமா முகம் கம்ப்யூட்டருக்குள் போகக்கூடாது. மாமா அத்தையின் புருஷன். அவளை விட்டுவிட்டுப் பாண்டியில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டவர். அவர் இருந்த படங்களெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயின. எங்களோடு இருந்த அத்தைதான் அந்த அடுப்பை மூட்டுபவள். ஒரு படத்தை மட்டும் முந்தானையில் மறைத்து என்னிடம் கொண்டுவந்தாள். பெருமுக்கல் மலைப்படியில் இருவரும் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்கிற படம்.

"கண்ணு, இத மட்டும் ஜல்தியா ஏத்திடு. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பேஜாரு."

ஏற்றினேன். ஈரப்படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பிய்த்தபோது கூழாகிப்போனது. உள்ளே இருக்கிறதே, அது போதும் என்றாள் அத்தை. 'கணக்குப் பாடம்' என்ற ஃபோல்டரில் ஒளித்து வைத்தேன். நானே திறக்காததை வேறு யார் திறக்கப்போகிறார்கள்!

பொங்கலுக்குக் கிளியனூர் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெருமை தாங்காமல் அப்பா, கம்ப்யூட்டரில் இருந்த படங்கள் அத்தனையையும் ஓடவிட்டார். கணக்குப் பாடமும் ஓடியது. திரையில் மாமா சிரித்தார்.

"யாருடி இத ஏத்தனது?" அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான்தாண்ணா ஏத்தச் சொன்னேன்" என்றாள் அத்தை. "ஒண்ணே ஒண்ணுதான். இருந்துட்டுப் போவட்டுமே."

அப்பா எல்லார் முன்னாலும் அதை அழித்தார். எதை அழித்தாலும் கையோடு, அது போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்று அப்படியே எழுந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் ஓடிக்கினு இருக்கட்டும். இவங்கள பஸ் ஏத்திட்டு வர்றேன். நேரமாவும்" என்று அத்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டைச் சாத்திவிட்டு அத்தை ஓடிவந்தாள். "அழிச்சத திரும்ப எடுக்கலாமா கண்ணு?"

"எப்படி அத்தை எடுக்க முடியும்? அப்பா மறந்துட்டாரு. நானே காலி பண்ணிட்டேன்."

அத்தை போய் அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பி வந்த அப்பாவிடமும் பெருமையாகச் சொன்னேன். பளாரென்று அறை விழுந்தது. அவர் மறந்த வேலையைச் செய்ததற்கு எதற்கு அடி? வெகுநாள் வரைக்கும் அதை அநியாயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.